உங்கள் வீட்டு அரளி சாக மாட்டேன் என்கிறது

மதிப்பும் மரியாதையும் உள்ள சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

வணக்கம் பல. இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் நம் பேத்தியும் மூச்சு விட்டுக்கொண்டு இருக்கிறோம். அதற்கு மேல் சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை. அங்கே நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள், உங்கள் உடம்பு வாகு அப்படி. மழை உண்டா, ஓடு மாற்றினீர்களா, போன தடவை சொன்ன பல்வலி தேவலையா என்றெல்லாம் முறைப்படி கேட்டு எழுத வேண்டும்தான். அதை அடுத்த கடிதத்தில் சாவகாசமாகக் கேட்டுக்கொள்கிறேன். இப்போது நேராக விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் மகள் உங்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்து இங்கே நட்ட அரளிச் செடி எப்படிச் சாகும்? தெரிந்தால் தயவுசெய்து உடனே எழுதவும்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். போனில் கேட்டிருக்கலாம். போனில் நான் வாயைத் திறந்தால் நீங்கள் அழுகிறீர்கள், நீங்கள் அழுதால் நான் அழுகிறேன், கடைசியில் இரண்டு பேரும் மூக்கைச் சிந்திவிட்டு விஷயத்தைச் சொல்லாமலே வைத்துவிடுகிறோம். அதுவும் இல்லாமல் இப்போது நான் போனைக் கையில் எடுத்தாலே உங்கள் மாப்பிள்ளை பக்கத்தில் வந்து நிற்கிறான். தாளில் எழுதினால் தாள் அழாது. நான் படித்தது ஐந்தாம் வகுப்புதான், ஆனால் அந்த ஐந்தையும் ஒழுங்காகப் படித்தவள். எழுத்துக்கு ஒரு குறையும் வராது.

அந்தக் குச்சியை ஈரத்துணியில் சுற்றி அவள் கொண்டுவந்தபோது அவளுக்கு ஏற்கெனவே சிறுநீரகம் பழுதாகிவிட்டது, உங்களுக்குத் தெரியும். அதற்கு முன்னால் பின்பக்கம் முழுக்க அவள் ரோஜாவாக வைத்திருந்தாள். குனிந்து நிமிர முடியாமல் போனதும் ரோஜா எல்லாம் ஒவ்வொன்றாகப் போனது. "இனிமே என்னால எதையும் பாத்துக்க முடியாது அத்தை. இது ஒண்ணுதான் யாரையும் தொந்தரவு பண்ணாது. எங்கம்மா சொன்னாங்க, நட்டுட்டு மறந்துடலாம்னு" என்று சொல்லித்தான் துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், மதில் ஓரமாக நட்டாள். வருஷம் பூராவும் பச்சை, வருஷம் பூராவும் பூ, எரு வேண்டாம், பூச்சி வராது, தண்ணீர்கூட எப்போதாவது போதும் என்று நீங்கள் சொல்லி அனுப்பியதை அப்படியே ஒப்பித்தாள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. வேளைக்கு மருந்து, வாரம் தவறாமல் ஆஸ்பத்திரி, குடிக்கும் தண்ணீரைக்கூட டம்ளரில் அளந்து கொடுப்பது என்று வீடே கவனிப்பில் ஓடிக்கொண்டிருந்தது. கவனிப்பே கேட்காத ஒரு உயிர் வீட்டில் இருந்தால் நல்லதுதானே என்று நினைத்தேன்.

அது சொன்ன சொல் தவறவில்லை. கவனிப்பு கேட்ட உயிர் போய்விட்டது, கேட்காதது மதில் உயரத்துக்கு வளர்ந்து நிற்கிறது. அவளைக் கொண்டுபோன மறுநாள் காலையில் பின்கதவைத் திறக்கிறேன், கிளைக்குக் கிளை கொத்துக் கொத்தாக ரோஸ் நிறத்தில் பூத்துக் குலுங்குகிறது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாம் "என்ன அழகா பூத்திருக்கு" என்று சொல்லிவிட்டுத்தான் அழுதார்கள். எனக்கு அதன் முகத்தில் விழிக்கவே பிடிக்கவில்லை.

பிடிக்காவிட்டால் பார்க்காமல் இருந்துவிட்டுப் போகலாம். ஆனால் உங்கள் மாப்பிள்ளை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுபோய் அந்தச் செடிக்கு எதிரில் போட்டுக்கொண்டான். அவன் வேலை தெரியுமே, லிஃப்ட் பழுது பார்ப்பது. நடு மாடியில் யாராவது மாட்டிக்கொண்டால் இவனைத்தான் கூப்பிடுவார்கள், இவன் போய் மேலிருந்து குரல் கொடுத்துக்கொண்டே கதவைத் திறந்து ஆளை வெளியே எடுப்பான். எத்தனையோ பேரைத் தூக்கி விட்டவன், தானே இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்ட மாதிரி ஆகிவிட்டான். வேலை முடிந்து வந்தால் கை கழுவ மாட்டான், விரல் இடுக்கெல்லாம் கிரீஸ், அப்படியே போய் நாற்காலியில் உட்காருவான். சாப்பிட வாடா என்றால் "வரேன்மா." டீ ஆறுதுடா என்றால் "ஆறட்டும்மா." இருட்டினாலும் எழுந்திருக்க மாட்டான். நான் ஏதாவது எடுக்க அந்தப் பக்கம் போனால் மட்டும் தலையைத் தூக்கி, என் கையைப் பார்ப்பான்.

மனசு ஆறட்டும் என்றுதான் விட்டிருந்தேன். அடுத்த வீட்டுத் தையல்காரம்மா ஒரு நாள் ரவிக்கை அளவு எடுக்கும்போது வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டே கேட்டாள். "அக்கா, தப்பா நினைக்காதீங்க. பொண்டாட்டிய பறிகொடுத்த ஆளு. எதிர்ல என்ன செடி நிக்குதுன்னு பாத்தீங்களா? உங்களுக்கு எப்படித் தூக்கம் வருது?" அன்றைக்கு அவள் அளவெடுத்துத் தைத்த ரவிக்கையைக் கூட நான் இன்னும் போட்டுக்கொள்ளவில்லை. அரளி என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். நான் பயந்த அந்த வார்த்தையை இந்தத் தாளில் எழுத மாட்டேன். புரிந்துகொள்ளுங்கள். மருமகளைக் கொடுத்தாயிற்று. இவனையும் கொடுக்க என்னால் ஆகாது.

அவனிடம் நேரில் கேட்கலாமே என்பீர்கள். இல்லாத நினைப்பை நானே வாயால் எடுத்துக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டால்? அதனால் சத்தம் போடாமல் செடியை முடித்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

முதலில் தண்ணீரை நிறுத்தினேன். துவைத்த தண்ணீர்கூடப் போகாமல் வாய்க்காலைத் திருப்பிவிட்டேன். வெயிலில் என் கத்தரிச் செடி எல்லாம் தலை தொங்கிப் போனது, அது மட்டும் புது மொட்டு விட்டது. சரி என்று ஒரு பானை வெந்நீர் கொதிக்க வைத்துத் தூக்கிக்கொண்டு போனேன். பாதி என் காலில் கொட்டியது, பாதி அதன் காலில் கொட்டியது. என் கால்தான் வெந்தது. பேத்தி மருந்து போட்டுவிட்டுக்கொண்டே, "வெந்நீர் எடுத்துக்கிட்டு அங்க எதுக்குப் போனீங்க பாட்டி?" என்றாள். எறும்புக்கு என்றேன். அவள் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள், நாள் முழுக்க ஜனங்களின் கண்ணைப் பார்த்தே பழகியவள். என் கண்ணைப் பார்த்துவிட்டு, மருந்தை மூடி எடுத்துக்கொண்டு போனாள். அதன் பிறகு கல் உப்பு. அள்ளி அள்ளிப் போட்டேன். மிச்சம் இருந்த கத்தரியும் போனது, மிளகாயும் போனது, அந்தப் பக்கம் தையல்காரம்மா வைத்திருந்த கீரை கூடப் போனது, அவள் இன்னும் பூச்சி என்று நினைத்து மருந்து அடித்துக்கொண்டிருக்கிறாள். உங்கள் செடி உப்புப் போட்ட சோறு தின்ற ஆள் மாதிரி ரோஷமாக நிமிர்ந்து நின்றது.

அப்போதுதான் ஆடு நினைவுக்கு வந்தது. ஆடு வாய் வைக்காது என்று நீங்கள் சொல்லித்தான் இருந்தீர்கள், ஆனால் நீங்கள் சொன்னதை எல்லாம் நம்பித்தானே இந்த நிலைமை. தெருமுனைக் கறிக்கடைக்காரரிடம் போய், புல் மண்டிக் கிடக்கிறது, ஒரு ஆட்டை விடுங்கள் தம்பி, மேய்ந்துவிட்டு வரட்டும் என்றேன். "தாராளமா கொண்டுபோங்க பெரியம்மா, எப்படியும் அது ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான்" என்றார். கொம்பு உடைந்த கறுப்பு ஆடு. கட்டிவிட்டு உள்ளே வந்தேன். திரும்பிப் போய்ப் பார்த்தால், அவரைக் கொடியைத் தின்றிருக்கிறது, கால்மிதியைத் தின்றிருக்கிறது, காயப்போட்டிருந்த உங்கள் மாப்பிள்ளையின் யூனிஃபார்மில் ஒரு கை இல்லை. அரளிக்கு ஒரு முழம் தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு படுத்து அசை போட்டுக்கொண்டிருக்கிறது. நான் ஒரு கிளையை வளைத்து அதன் மூஞ்சிக்கு நேரே நீட்டினேன். அது பார்த்த மாதிரி இந்த வயது வரைக்கும் யாரும் என்னைப் பார்த்ததில்லை. அந்த நேரம் பார்த்து இரண்டு பேர் வந்து நின்றார்கள். ஒருவர் ஆட்டைக் கூட்டிப்போக வந்த கறிக்கடைக்காரர். இன்னொருவன் உங்கள் மாப்பிள்ளை. இவன் முகம் வெளுத்துவிட்டது. அவர்தான் பேசினார்.

"பெரியம்மா, அது என்ன செடின்னு தெரிஞ்சுதான் குடுக்குறீங்களா?"

"ஆடு எல்லாம் தின்னும்னு சொன்னாங்க தம்பி."

"இதை அது தின்னு, அதை நான் வெட்டி, அதை இந்தத் தெரு வாங்கிட்டுப் போயிருந்தா என்ன ஆகும்? திங்கக்கிழமை கதவு திறக்க ஒரு வீட்டுலயும் ஆளு இருக்காது."

"அதான் தின்னலையே."

"அதுக்கு இருக்குற அறிவு" என்று ஆரம்பித்தவர், என் நரைமுடியைப் பார்த்துவிட்டு அத்தோடு நிறுத்திக்கொண்டு, ஆட்டை இழுத்துக்கொண்டு போனார். அதிலிருந்து நான் கறி வாங்கப் போனால், என்ன வேண்டும் என்று கேட்பதற்கு முன்னால் வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்கிறார்.

கடைசியாக, அவன் வேலைக்குப் போன ஒரு நாள் மரம் வெட்டுகிறவரை வரவழைத்தேன். வேரோடு எடுங்கள் என்றேன். "வேரு மதிலுக்கு அடியில போயிருக்கும்மா, இழுத்தா மதிலும் கூட வரும். உங்களுக்கு மதில் வேணுமா வேண்டாமா?" என்றார். மதில் வேண்டும், அடியோடு வெட்டுங்கள் என்றேன். வேலை தெரிந்த மனுஷன், வாய்க்கும் கண்ணுக்கும் துணி கட்டிக்கொண்டு, கை உறை போட்டுக்கொண்டு, முழங்கால் உயரத்துக்கு மேலே ஒன்றும் இல்லாமல் சாய்வாக வெட்டித் தள்ளினார். முதல் தடவையாக எனக்கு மதில் முழுசாகத் தெரிந்தது. போகும்போது, "கவலைப்படாதீங்கம்மா, நல்லா ஒட்ட வெட்டியிருக்கேன். இனிமே முன்னைவிட அடர்த்தியா வரும். அரளிக்கு இதுதான் வைத்தியம்" என்றார். ஆறுதலுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். நிஜத்தைத்தான் சொல்லியிருக்கிறார். மூன்று கிளை இருந்த இடத்தில் இப்போது எண்ண முடியாத அளவுக்குத் தளிர். சாகடிக்கச் சம்பளம் கொடுத்து வைத்தியம் பார்த்திருக்கிறேன்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன் சம்பந்தி அம்மா. இனிமேல் எழுதப்போவதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வெட்டிய கிளைகளை எரிக்கக் கூடாது, புகையே ஆகாது என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். குப்பை வண்டிக்காரர் இதையெல்லாம் ஏற்ற மாட்டேன் என்று கையெடுத்துக் கும்பிட்டார். மகன் வந்து பார்த்துவிடக் கூடாதே என்று பழைய போர்வையில் மூட்டையாகக் கட்டி, சாமான் அறையில், பழைய தையல் மிஷினுக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன். மறுநாள் போய்ப் பார்த்தால் மிஷின் இருக்கிறது, மூட்டை இல்லை. பேத்தியைக் கேட்டால் என்ன மூட்டை என்கிறாள். வீட்டில் மூன்று பேர். நான் எடுக்கவில்லை, அவள் எடுக்கவில்லை. அவன் குளிக்கப் போன நேரத்தில் அவனுடைய டூல்ஸ் பையைக் கவிழ்த்துப் பார்த்தேன், கட்டிலுக்கு அடியில் துழாவினேன், பீரோவில் அவள் புடவைகளுக்கு நடுவில் கையை விட்டுப் பார்த்தேன். அங்கே அவள் வாசனைதான் இருந்தது. மூட்டை எங்கேயும் இல்லை.

அன்றைக்கு லீவு போட்டவன் இன்னும் வேலைக்குப் போகவில்லை. நாற்காலியை இப்போது சமையலறை வாசலில் போட்டிருக்கிறான். நான் வெங்காயம் நறுக்கினால் பார்க்கிறான். கொல்லைப் பக்கம் போனால் பின்னாலேயே வருகிறான். நான் டீ போட்டு வாயில் வைக்கப் போனால், "இரும்மா" என்று டம்ளரை வாங்கி மோந்து பார்த்துவிட்டு, ஒரு மிடறு குடித்துவிட்டுத் தருகிறான். பெற்ற தாய் போட்ட டீ. அறிவு கலங்கிவிட்டதோ, நான் என்ன செய்வேன். அதனால்தான் மானத்தை விட்டு உங்களைக் கேட்கிறேன். பெண்ணைக் கொடுத்தவர்கள் நீங்கள், செடியைக் கொடுத்தவர்களும் நீங்கள். பெண் போன வழியை நான் கேட்கவில்லை. செடி போகும் வழியை மட்டும் சொல்லுங்கள். அது போய்விட்டால் இவன் உள்ளே வந்து இலையில் உட்கார்ந்து ஒழுங்காகச் சாப்பிடுவான் என்று எனக்குள் ஒரு நம்பிக்கை.

உங்களைவிட நான் ஒரு வயது மூத்தவள் என்பதால் ஆசீர்வாதம், சம்பந்தி என்பதால் வணக்கம், இரண்டையும் வைத்துக்கொள்ளுங்கள். பேத்திக்கு உங்கள் வாழ்த்து எப்போதும் வேண்டும். கடையில் அவளுக்கு நல்ல பெயர், வயதானவர்கள் எல்லாம் அவள்தான் கண்ணாடி மாட்டிவிட வேண்டும் என்கிறார்களாம். பதிலை என் பெயருக்கு மட்டும் எழுதவும்.

இப்படிக்கு,
உங்கள் மகளைக் கடைசி வரை என் மகளாக வைத்திருந்த
சம்பந்தி

பின்குறிப்பு: மேலே எழுதியதில் ஒன்றையும் மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம். உறை தேடிக்கொண்டு நான் உள்ளே போன நேரத்தில் பேத்தி இதைப் படித்துவிட்டாள். படித்தவள் பேசாமல் இருந்திருக்கலாம். சமையலறை வாசலில் உட்கார்ந்திருந்த அப்பனிடம் போய், மூட்டையைப் பற்றி எழுதிய இடத்தைச் சத்தமாக வாசித்தாள். அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"என்னைச் சந்தேகப்பட்டியாம்மா? மூட்டையைக் குழி தோண்டிப் புதைச்சதே நான்தான். உனக்குக் கிடைக்கக் கூடாதுன்னு."

"எனக்கு அது எதுக்குடா?"

"அவளைக் கொண்டுபோன அன்னைக்கு மார்ல அடிச்சுக்கிட்டு என்ன சொன்ன? இனி எனக்கும் அந்த அரளிதான் கதின்னு எல்லார் முன்னாடியும் கத்தினே."

"துக்கத்துல ஆயிரம் சொல்றதுதாண்டா. அதையெல்லாமா பிடிச்சு வச்சுக்குவாங்க?"

"நான் அன்னையிலேர்ந்து உனக்குத்தாம்மா காவல் உக்காந்திருக்கேன். நீ என்ன பண்ணினே? தினம் அதுகிட்ட போய் நின்னே. ஆட்டுக்குக் குடுத்துப் பாத்தே. ஆள் வச்சு வெட்டி, மூட்டை கட்டி, வீட்டுக்குள்ள ஒளிச்சு வச்சே. நான் என்னன்னு நினைக்கிறது?"

பிறகு அவன் கேட்டான், நிஜமாகவே உனக்கு அந்த நினைப்பு இல்லையே என்று. இல்லை என்று சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அதே கேள்வியை நான் அவனைக் கேட்டேன். அவனுக்கும் கொஞ்ச நேரம் ஆனது. இதை நீங்கள் யாரிடமும் சொல்ல வேண்டாம்.

பேத்தி கடிதத்தை மடித்துக்கொண்டே, "ரெண்டு பேரும் மாத்தி மாத்திக் காவல் காத்திருக்கீங்க. எனக்குன்னு ஒருத்தராவது ஒரு நாற்காலி போட்டீங்களா?" என்றாள். பதிலுக்கு நிற்காமல் அவளே தொடர்ந்தாள். "சரி, என்னை விடுங்க. அந்தப் பாட்டி தனியா இருக்காங்க. பெத்த பொண்ணு போயாச்சு. அவங்க வீட்டுல இது ஒரு செடியா இருக்கு? வேலி முழுக்க இதானே. அவங்ககிட்டப் போய் இது எப்படிச் சாகும்னு எழுதிக் கேட்டிருக்கீங்களே."

சம்பந்தி அம்மா, நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று இத்தனை நாளில் நான் ஒரு தடவைகூட நிறுத்திக் கேட்கவில்லை. இப்போதுதான் போன் அடித்தோம். மூன்று பேரும் மாறி மாறி அடித்தோம். நீங்கள் எடுக்கவில்லை. "தோட்டத்துல இருப்பாங்க பாட்டி" என்கிறாள் இவள், என்னைச் சமாதானப்படுத்துவதற்காக. தோட்டத்தில்தான் இருப்பீர்கள் என்று எனக்கும் தெரியும், அதனால்தான் எழுத்து கோணுகிறது.

இதைத் தபாலில் போடவில்லை. உங்கள் மாப்பிள்ளை வண்டியை எடுக்கிறான். மூவரும் கிளம்பிவிட்டோம், கடிதத்தை நானே உங்கள் கையில் தருகிறேன். கதவைப் பலமாகத் தட்டுவேன். கோபம் என்று நினைக்க வேண்டாம். தட்டியதும் திறந்துவிடுங்கள்.